கறை படியாத உள்ளம்

1848-ஆம் ஆண்டு புனே நகரின் பிடே வாடா என்னும் இல்லத்தில் பெண் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று தொடங்கியது. அங்கே பாடம் கற்பிக்க வந்த ஆசிரியைக்கு வயது 17. அவரே சாவித்ரிபாய் பூலே.

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நைகாவ் கிராமத்தில் 1831 ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தவர் அவர். ஒன்பதாம் வயதில் ஜோதிராவ் பூலேயை மணந்தபோது அவருக்கு எழுத்தறிவு இல்லை. கணவரே முதல் ஆசிரியராகி எழுத்தறிவித்தார். பின்னர் முறையான ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

பெண் கல்வி குலத்துக்குக் கேடு என்று பலரும் நம்பிய காலம் அது. பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சாணமும் சேறும் வீசினர், இழிசொற்களால் ஏசினர். எனவே அவர் மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் செல்வார். பள்ளியை அடைந்ததும் அதை உடுத்திக்கொண்டு பாடம் தொடங்குவார் என்று அவரது வரலாறு கூறுகிறது.

சேலையை மாற்றுவது எளிது. அவமானத்தால் புண்பட்ட மனத்தை அந்தச் சில நிமிடங்களில் மாற்றிக்கொள்வது எளிதன்று. ஆயினும் உள்ளே காத்திருந்த குழந்தைகள் அந்த நிந்தனைக்குக் காரணமானவர்கள் அல்லர். தெருவில் பெற்ற கசப்பை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, அன்பு குன்றாமல் அவர்கள்முன் நிற்பதே அவரது அன்றாடத் தவமாக இருந்தது. ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய மாமனார் தம் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னபோதும் தம்பதியர் பள்ளியைக் கைவிடவில்லை.

அந்தத் தவத்தின் பலன் விரைவிலேயே கனிந்தது. பூலே தம்பதியரின் பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்ற சிறுமி, மாங், மகார் மக்களின் துயரங்களை விவரித்து ஒரு கட்டுரை எழுதினாள். 1855-இல் ஞானோதயா என்னும் மராத்தி இதழில் அது வெளிவந்தது. பேச உரிமையற்றிருந்த ஒரு சமூகம், தன் மகளின் எழுத்தால் உலகோடு பேசியது. ஓர் ஆசிரியைக்கு இதைவிட உயர்ந்த வெகுமதி ஏது?

1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் சேர்ந்து 66 வயதான சாவித்ரிபாய் நோயாளிகளுக்குச் சேவை செய்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து சிகிச்சைக்குக் கொண்டுசென்றபோது அந்நோய் அவரையும் பற்றிக்கொண்டது. மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்றைய ஆசிரியரின் ஆடையில் சாணம் விழுவதில்லை. எனினும் களைப்பும் ஏமாற்றமும் நன்றியின்மையும் அவர் மனத்தில் கறையாகப் படியக்கூடும். வகுப்பறைக்குள் நுழையும்முன் அந்தக் கறையை அகற்றிக்கொள்ளும் ஒவ்வோர் ஆசிரியரும் சாவித்ரிபாய் நடந்த பாதையில்தான் நடக்கிறார்.