மணிமங்கலத்து மாமல்லன்

இரண்டாம் புலிகேசியின் பெயரே ஒரு காலத்தில் பல்லவ நாட்டின் அச்சமாக இருந்தது. மகேந்திரவர்மன் ஆட்சியில் சாளுக்கியப் படை காஞ்சியை நெருங்க, பல்லவர் மதிலுக்குள் ஒடுங்கினர் என்கிறது கி.பி. 634ஆம் ஆண்டின் அய்கோலே கல்வெட்டு. பகைவர் செதுக்கிய கல்லாதலால் அதில் சற்று மிகையும் இருக்கலாம். எனினும், மதிலே புகலிடம் என்னும் எண்ணம் அன்று படிந்திருக்க வேண்டும்.

630இல் முடிசூடிய அவன் மகன் நரசிம்மவர்மன், புலிகேசி மீண்டும் படையெடுத்து வந்தபோது திறந்த வெளியில் பொருதான். பரியளம், காஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மணிமங்கலம், சூரமாரம் எனக் களங்கள் மூன்று. ஒரு வெற்றியைத் தற்செயல் என்று மனம் தள்ளிவிடும். மூன்றை அவ்வாறு தள்ள இயலாது. இன்று ஆலைகள் சூழ்ந்த ஒரகடத்தை அடுத்த அவ்வூரில் புலிகேசி புறங்காட்டியதைக் கூரம் செப்பேடு சுவைபடச் சொல்கிறது.

தன் மண்ணில் நீங்கிய அச்சம் பகைவர் மண்ணில் மீளக்கூடும். எனவே 642இல் பல்லவப் படை வாதாபிக்கே சென்றது. நகர் வீழ்ந்தது, அங்கிருந்த பாறையில் மாமல்லனின் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. அப்போரில் வென்ற பரஞ்சோதியாரே பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனார்.

பெயரன் பரமேசுவரவர்மன் காலத்தில், புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். தலைநகரை இழந்தும் பரமேசுவரவர்மன் ஒடுங்கவில்லை. பெருவளநல்லூரில் எதிர்த்து நின்று வென்றான். கூரம் செப்பேட்டை வெளியிட்டவன் அவனே. பாட்டனின் மணிமங்கலப் போரும் பெயரனின் பெருவளநல்லூர்ப் போரும் அதில் ஒருங்கே இடம்பெற்றுள்ளன.