மேடம் சி. ஜே. வாக்கர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டெல்டா என்னும் ஊரில் 1867 டிசம்பர் 23 அன்று பிறந்தவர் சாரா பிரீட்லவ். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாய் உழன்ற பெற்றோருக்கு, விடுதலைக்குப்பின் பிறந்த முதல் குழந்தை அவர். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார், பதினான்கில் மணந்தார், இருபதில் கணவரையும் இழந்து, சிறு மகளுடன் செயின்ட் லூயிஸ் நகரில் துணிவெளுத்துப் பிழைத்தார்.

அங்கு அவரது முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. கறுப்பினப் பெண்கள் பலருக்கும் அத்துன்பம் இருந்தது. வீட்டில் குழாய்நீர் இல்லாமையால் தலைமுழுகுதல் அரிது. கிடைத்த சவர்க்காரமோ காரம் மிகுந்தது. நெருங்கிச் சுருண்ட முடியில் தலையின் எண்ணெய்ப்பசை நுனிவரை இறங்குவதில்லை. அதனால் முடி வறண்டு ஒடியும். பொடுகும் புண்ணும் வேரை நலித்தன.

அன்னி மலோன் என்பவரின் கூந்தல் பொருள்களை விற்றுத் தொழில் பயின்ற சாரா, 1906இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, அப்பெயரிலேயே வணிகம் தொடங்கினார். அடிக்கடி தலையை அலசுதல், கந்தகம் கலந்த களிம்பைத் தேய்த்தல் ஆகியவை அவர்முறையின் அடிப்படை; சூடேற்றிய சீப்பால் முடியைத் திருத்துவது அதன் பின்னரே. அச்சீப்பைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது தவறான வழக்கு.

1910இல் இந்தியானாபொலிசில் தொழிற்சாலை எழுந்தது. வெளுப்புத் தொட்டியையும் அடுப்படி வேலையையும் விட்டுவந்த பெண்கள் அவரது முகவர்களாகிச் சொந்த வருவாய் ஈட்டினர். 1917இல் பிலடெல்பியாவில் அவர்களைக் கூட்டியபோது, விற்பனைக்கு மட்டுமன்றி அறக்கொடைக்கும் பரிசளித்தார். கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமைக்கு எதிரான நிதிக்கு 5,000 டாலர் வழங்கிய அவர், 1919 மே 25 அன்று மறைந்தார்.