ஆற்றங்கரை மாஜிஸ்திரேட்
(பி.எஸ்ஸி. விலங்கியல், 1973–76)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம்மில் நூறு பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவும் எழுதுவார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் மீனோடு பிழைத்தவன். ஆகவே மீனைச் சாக்காக வைத்து ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ரோடரிக் ஹேய்க்-பிரவுன். கனடாவின் மேற்குக் கரையில் ஆறு, மீன் என்று பேச்செடுத்தாலே வருகிற பெயர் இது. நம்ம பக்கம் கேள்விப்பட்டவர்கள் குறைவு. நாமெல்லாம் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வந்த அதே 1976-ல், அக்டோபர் 9-ம் தேதி அவர் காலமானார்.

எனக்கு அவர் அறிமுகமானது நீலகிரியில். மீன்வளத் துறை வேலையில் சில வருஷம் அந்த மலையில் இருந்தேன். டிரவுட் மீன் நீலகிரிக்கு வந்தேறி. 1900-களின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் என்ற அதிகாரி முட்டைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பொரிக்கவைத்து, அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் விட்டார். வெள்ளைக்காரத் துரைமார்களின் தூண்டில் ஆசைக்காக வந்த மீன் அது. அந்த மீனின் சொந்த ஊர் எது, அங்கே அது எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்து கிடைத்தது ஹேய்க்-பிரவுன் 1946-ல் எழுதிய 'எ ரிவர் நெவர் ஸ்லீப்ஸ்'. ஜனவரியில் ஆரம்பித்து டிசம்பரில் முடிகிற மாதிரி, மாசத்துக்கு ஒரு பகுதியாக எழுதியிருப்பார். மீன் பிடிக்கத் தெரியாதவனையும் உட்காரவைத்துப் படிக்கச் செய்கிற எழுத்து.

ஆள் பிறந்தது இங்கிலாந்தில், சஸெக்ஸ் மாவட்டத்து லான்ஸிங் என்ற ஊரில், 1908 பிப்ரவரி 21-ம் தேதி. அப்பா ஆசிரியர், எழுத்தாளர், பிறகு ராணுவ அதிகாரி. முதல் உலகப்போரில் 1918 மார்ச்சில் கொல்லப்பட்டார். பையனுக்கு அப்போது பத்து வயசு. அம்மாவின் பிறந்த வீட்டார் டார்செட்டில் வசதியானவர்கள். அங்கேதான், ஃப்ரோம் என்ற சின்ன ஆற்றின் கரையில், தூண்டில் கையில் ஏறியது. (ஆங்கில இலக்கிய நண்பர்களுக்கு ஒரு தகவல்: தாமஸ் ஹார்டி அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமானவர்.)

இவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா, சார்ட்டர்ஹவுஸ் என்ற பேர்பெற்ற பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் தலைமையாசிரியராக இருந்தவர். பேரனையும் அங்கேதான் சேர்த்தார்கள். பேரன் படிப்பை முடிக்காமலேயே வெளியே வந்துவிட்டான்! 1926-ல், பதினெட்டு வயசில், கப்பலேறி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய் மரம் வெட்டும் முகாமில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம் எல்லை தாண்டி கனடாவின் வான்கூவர் தீவு. அங்கே மரவேலை, கண்ணி வைத்து மிருகம் பிடிப்பது, மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது என்று எல்லாம் செய்தார். இடையில் லண்டன் திரும்பி இரண்டு வருஷம் எழுத்தாளராக வாழ்ந்து பார்த்தார். 1931-ல் ஒரு சால்மன் மீனின் கதையாகச் சிறுவர்களுக்கு எழுதிய 'சில்வர்' வெளிவந்தது. ஆனால் மனசு தீவிலேயே இருந்தது. அதே வருஷம் திரும்பி வந்தவர், கடைசிவரை வேறு ஊருக்குக் குடிபோகவில்லை.

1934-ல் சியாட்டில் நகரத்துப் பெண் ஆன் எல்மோரைக் கல்யாணம் செய்துகொண்டார். கேம்பெல் நதிக்கரையில் கொஞ்சம் நிலம், மரவீடு, நாலு குழந்தைகள், மாடு, தோட்டம். எழுத்து மேஜைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஆறு. அந்த அம்மாளைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் போனால் தப்பு. பள்ளி நூலகராக இருந்தவர், அடிபட்டு ஓடிவந்த பெண்களுக்கு இடம் கொடுத்தவர். இன்று அந்த ஊரில் பெண்கள் பாதுகாப்பு இல்லம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது.

இனி மீன் பிடிப்பதைப் பற்றி. நம்ம ஊரில் தூண்டில் என்றால் மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, தக்கை, முள்ளில் மண்புழு. முடிந்தது வேலை. அவர்களுடைய ஃப்ளை ஃபிஷிங் வேறு கதை. முள்ளின்மேல் இறகு, ரோமம், பட்டுநூல் சுற்றி ஒரு பூச்சி போலச் செய்வார்கள். அதற்கு எடையே இல்லை, எறிந்தால் போகாது. அதனால் கயிற்றையே கனமாகச் செய்து, கழியை முன்னும் பின்னும் வீசி, கயிற்றின் எடையால் பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். எந்த மாசத்தில் எந்தப் பூச்சி ஆற்றில் பிறக்கிறது, மீன் எந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்கிறது என்று தெரியாமல் ஒன்றும் கிடைக்காது. ஹேய்க்-பிரவுன் தானே கட்டிய ஒரு பூச்சிக்கு 'ஸ்டீல்ஹெட் பீ' என்று பெயர். தேனீ மாதிரி இருக்கும். இன்றும் அதைக் கட்டுகிறார்கள்.

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட். நாம் பரீட்சைக்கு உருப்போட்ட சால்மோ கெய்ர்ட்னெரி ஞாபகம் இருக்கிறதா? 1989-ல் அதை சால்மன் கூட்டத்தில் சேர்த்து ஆன்கோரிங்கஸ் மைக்கிஸ் என்று மாற்றிவிட்டார்கள். நீலகிரி ஓடையில் அரையடி நீளத்துக்கு நிற்கிறதே, அதே இனம்தான் அங்கே கடலில் மேய்ந்து பத்துக் கிலோ வரைகூட வளர்ந்து, பிறந்த ஆற்றையே தேடி வந்து முட்டையிடுகிறது. பெண் மீன் வாலால் கூழாங்கல்லைத் தோண்டிக் குழி பண்ணி, முட்டையிட்டு, கல்லைத் தள்ளி மூடுகிறது. கல் இடுக்கு வழியாகச் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்குப் பிராணவாயு. கரைவரை மரத்தை மொட்டையடித்தால் மழையில் வண்டல் இறங்கி அந்த இடுக்கு அடைபடும். நிழல் போய்த் தண்ணீர் சூடாகும். மேலே அணை கட்டினால் வெள்ளம் கொண்டுவரும் புதுக் கூழாங்கல் நின்றுபோகும். திறந்துவிடும் தண்ணீரைத் திடீரென்று குறைத்தால் முட்டைக் குழி வறண்டு போகும். இதையெல்லாம் அவர் முதலில் அறிந்தது புத்தகத்தில் அல்ல, ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று. ஐம்பது வயசுக்குப் பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு ஆற்றுக்குள்ளேயே இறங்கி மீன்களோடு நீந்திப் பார்த்து எழுதியிருக்கிறார். கழியை வைத்துவிட்டு மூழ்கிப் பார்க்கிற மீன்பிடிக்காரரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1940-களின் தொடக்கத்தில் அவரை ஊருக்கு மாஜிஸ்திரேட்டாகப் போட்டார்கள். சட்டம் படித்தவரா என்றால் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே அப்படி நியமிக்கிற வழக்கம் உண்டு. குடித்துவிட்டுச் சண்டை போட்ட மரவெட்டி, திருட்டில் மாட்டிய பையன், குடும்பத் தகராறு என்று எல்லாம் அவர் முன்னால் வந்தன. போர்க்காலத்தில் ராணுவப் பணிக்குப் போன இடைவெளி தவிர, 1974 வரை அந்த நாற்காலியில் இருந்தார். காலையில் தீர்ப்பு, சாயங்காலம் ஆறு, நடுவில் எழுத்து. மொத்தம் இருபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். 1939-ல் வந்த 'தி வெஸ்டர்ன் ஆங்க்ளர்' அந்தப் பகுதி மீன்களைப் பற்றி இரண்டு பாகமாக வந்த பெரிய நூல். 1950-களின் தொடக்கத்தில் சிலி, அர்ஜென்டினா நாடுகளுக்குப் போய் டிரவுட் பிடித்து ஒரு புத்தகம் எழுதினார். அங்கேயும் நம்ம நீலகிரி போலத்தான், டிரவுட் கொண்டுவந்து விட்ட மீன்.

இவரை வெறும் மீன்பிடி எழுத்தாளர் என்று விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அவர் வீட்டுக்கு மேலே, எல்க் அருவிக்குப் பக்கத்தில், 1947-ல் மின்சாரத்துக்காக ஜான் ஹார்ட் அணை வந்தது. அருவியைத் தாண்டி மீன் ஏற முடியாது. கடலுக்கும் அருவிக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டர் ஆறுதான் சால்மனுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் மொத்த சொத்து. அடுத்தபடி, மேலே ஸ்ட்ராத்கோனா பூங்காவுக்குள் இருக்கும் பட்டில் ஏரியின் மட்டத்தை உயர்த்தத் திட்டம். 1911-ல் அமைந்த அந்தப் பூங்காதான் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதல் பூங்கா. அதற்குள்ளேயே தண்ணீரை ஏற்றுவதா என்று 1950-களில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து எதிர்த்தார். விசாரணைகளில் போய்ப் பேசினார், எழுதினார். நீதிபதி ஸ்தானத்தில் இருக்கிறவர் இப்படித் தெருவில் இறங்கலாமா என்று நம் ஊரில் கேட்டிருப்பார்கள். என் அபிப்பிராயம், அந்த ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்ததால்தான் அவர் பேச்சு எடுபட்டது. ஆனாலும் தோற்றார். 1958-ல் ஸ்ட்ராத்கோனா அணை எழும்பியது, ஏரிக்கரைக் காடு தண்ணீருக்குள் போனது.

அது போதாதென்று 1960-களில் பூங்காவுக்குள் சுரங்கம் வந்தது. உலோகத் தாது எடுத்த கழிவை அதே பட்டில் ஏரியில் கொட்ட அனுமதி. கீழே உள்ள ஊர்மக்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மறுபடி கூட்டம், மறுபடி எதிர்ப்பு, மறுபடி தோல்வி. பின்னால் ஏரியில் உலோகம் ஏறியது நிரூபணமாகி, 1980-களில் கழிவை நிலத்தில் தேக்கும் முறைக்கு மாற்றினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

ஜெயித்ததும் உண்டு. ஃப்ரேஸர் பெருநதியின் குறுக்கே மொரான் என்ற இடத்தில் ராட்சத அணை கட்டும் யோசனை பல வருஷம் உலவியது. கட்டியிருந்தால் அந்த நதியின் மேல்பகுதிக்கு சால்மன் ஏறுவது நின்றிருக்கும். எதிர்த்துப் பேசியவர்களில் இவர் முக்கியமானவர். அணை வரவில்லை. 1970-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்டீல்ஹெட் சங்கம் என்று மீன்பிடிக்காரர்களே ஒன்றுசேர்ந்து ஆரம்பித்த அமைப்புக்கும் அவருடைய ஆதரவு இருந்தது. பிடித்த மீனைச் சேதமில்லாமல் திரும்ப ஆற்றில் விடுவது இன்று பல ஆறுகளில் சட்டம். அதைச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே எழுத்தில் பழக்கியவர்களில் ஒருவர் இவர்.

நம்ம கல்லூரி மலரில் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று. பள்ளியையே முடிக்காத இந்த மனிதர் 1970 முதல் 1973 வரை விக்டோரியா பல்கலைக்கழகத்தின் வேந்தர்! படித்து வாங்கிய பட்டம் ஒன்றுகூடக் கிடையாது; 1952-ல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவ டாக்டர் பட்டம்தான். மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பட்டம் வழங்கிவிட்டு ஆற்றங்கரைக்குத் திரும்பினார். அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிமார்கள் இதை வீட்டில் காட்டி வாதாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் காலமான அடுத்த வருஷம், 1977-ல், சாக்ஐ சால்மன் லட்சக்கணக்கில் வந்து ஆற்றையே சிவப்பாக்கும் ஆடம்ஸ் நதிக்கரையை மாகாணப் பூங்காவாக்கி அவர் பெயரை வைத்தார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பெரிய வரவு. 2010, 2014, 2018, 2022 என்று கணக்கு. 2018-ல் அந்தப் பூங்காவின் பெயரை, அந்த மண்ணின் பூர்வகுடிகளான செக்வெப்பெம்க் மக்களின் மொழியில், பல ஆறுகள் என்ற பொருளில் மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் அந்தக் கரைக்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பிருந்தே அந்த மீனை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள்.

கேம்பெல் நதியில் இன்று அணைக்குக் கீழே ஊர்க்காரர்களும் மீன் சங்கங்களும் லாரியில் கூழாங்கல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆறு தானே கொண்டுவர வேண்டியதை மனுஷன் சுமக்கிறான். மீன் அதில் குழி தோண்டி முட்டையிடுகிறது. அவர் வீட்டு நிலத்தின் வழியாக ஓடும் கிங்ஃபிஷர் ஓடை என்ற சின்னக் கால்வாயையும் அக்கம்பக்கத்தார் ஒரு சங்கம் வைத்துச் சீர்செய்தார்கள்.

நம் பிள்ளைகள் பலர் இப்போது வான்கூவர், விக்டோரியா என்று மேல்படிப்புக்குப் போகிறார்கள். போனால் ஒரு லீவு நாளில் கேம்பெல் ரிவர் ஊருக்கு பஸ் ஏறுங்கள். அவர் வாழ்ந்த வீட்டை அரசு பாதுகாத்து வைத்திருக்கிறது, குளிர்காலத்தில் ஒரு எழுத்தாளரை அதில் தங்கவைத்து எழுதச் சொல்கிறார்கள். புத்தக அலமாரி அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் ஆறு. செப்டம்பர், அக்டோபரில் போனால் கரையில் நின்றே சால்மன் ஏறுவதைப் பார்க்கலாம்.