யார் இந்த கபலேகா? 24 வருஷம் நாடு கடத்தப்பட்ட ஆப்பிரிக்க மன்னரின் கதை

உகாண்டாவின் மேற்குப் பக்கம், ஆல்பர்ட் ஏரியை ஒட்டி ஹொய்மா, மசிண்டி, கிபாலே, புலிசா என்று சில மாவட்டங்கள் இருக்கின்றன. 2006-ல் இங்கே கச்சா எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்தப் பெயர்கள் அடிக்கடி செய்திகளில் அடிபடுகின்றன. ஹொய்மாவின் புதிய விமான நிலையத்துக்கு வைத்த பெயர் கபலேகா. யார் இவர்?

இந்த மாவட்டங்கள் எல்லாம் பழைய புன்யோரோ ராஜ்ஜியத்தைச் சேர்ந்தவைதான். மன்னரை 'ஒமுகாமா' என்பார்கள். அப்பா கமுராசி இறந்ததும் அண்ணன் தம்பிக்குள் சண்டை. அதில் ஜெயித்து 1870 வாக்கில் அரியணை ஏறினார் கபலேகா. கிபிரோ உப்பு, இரும்பு மண்வெட்டி, யானைத் தந்தம் என்று வியாபாரம் நன்றாக நடந்தது. தந்தம் கொடுத்து துப்பாக்கி வாங்கி, 'அபருசுரா' என்ற நிரந்தரப் படையை உருவாக்கினார்.

1872-ல் எகிப்து அரசின் சார்பில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மசிண்டிக்கு வந்தார். கொடியை ஏற்றி, இனி இந்த நாடு எகிப்துக்குச் சொந்தம் என்று அறிவித்தார். சில வாரங்களிலேயே சண்டை மூண்டு, அவர் பின்வாங்கிப் போக வேண்டியதாயிற்று. ஊருக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை. கபலேகாவை ஒரு கொடூரன் போல எழுதித் தள்ளினார். அந்தக் கெட்ட பெயர் கடைசி வரை போகவில்லை.

1893 இறுதியில் பிரிட்டிஷ் படை கிளம்பியது. கூடவே பக்கத்து ராஜ்ஜியமான புகாண்டாவின் ஆயிரக்கணக்கான வீரர்கள். நேருக்கு நேர் நின்றால் தோல்விதான் என்று புரிந்துகொண்ட கபலேகா மறைந்திருந்து தாக்கினார். ஐந்து வருஷத்துக்கு மேல் அவர் பிடிபடவில்லை. நைல் நதியைத் தாண்டி லாங்கோ பகுதிக்குப் போனார். இதில் வேடிக்கை என்னன்னா, பரம எதிரியான புகாண்டாவின் மன்னர் முவாங்காவும் ஆங்கிலேயரைப் பகைத்துக்கொண்டு இவரிடமே வந்து சேர்ந்தார். 1899 ஏப்ரலில் இருவரும் ஒன்றாகப் பிடிபட்டார்கள். குண்டடிபட்ட கபலேகாவின் கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இருவரையும் சீஷெல்ஸ் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். முவாங்கா 1903-ல் அங்கேயே இறந்தார்.

ஆனா உண்மையான இழப்பு மண்தான். உதவிக்குப் பரிசாக புன்யோரோவின் தெற்குப் பகுதிகளை ஆங்கிலேயர் புகாண்டாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். புன்யோரோ மன்னர்களின் கல்லறைகள் பல அங்கேதான் இருக்கின்றன. கோர்ட்டிலும் பள்ளிக்கூடத்திலும் லுகாண்டா மொழி புகுந்தது. மீதி புன்யோரோவிலும் புகாண்டாக்காரர்களையே அதிகாரிகளாகப் போட, 1907-ல் 'ந்யாங்கிரே' என்ற எதிர்ப்பு வெடித்தது. 'முடியாது' என்பதுதான் அதன் பொருள்.

1923-ல் ஒருவழியாக ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. வயது 70-ஐ நெருங்கிவிட்டது. உகாண்டா மண்ணை மிதித்தார். ஆனா ஹொய்மா போய்ச் சேரவில்லை. வழியில் ஜிஞ்சாவில் ஏப்ரல் 6 அன்று உயிர் போய்விட்டது. உடலை ஹொய்மா பக்கத்தில் உள்ள ம்பாரோவில் அடக்கம் செய்தார்கள்.

பேக்கர் பெயர் சூட்டிய மர்ச்சிசன் அருவியை இடி அமீன் காலத்தில் கொஞ்ச நாள் கபலேகா அருவி என்று அழைத்தார்கள். 2009-ல் அவரை தேசிய வீரராக அறிவித்தது உகாண்டா அரசு. பறிபோன மண்? 1964 நவம்பரில் புயாகா, புகங்கைசி என்ற இரண்டு பகுதிகளில் மட்டும் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பெருவாரியாக புன்யோரோவையே தேர்ந்தெடுத்தார்கள். மற்ற பகுதிகளுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை.