ஜான் ஸ்னோ: கைப்பிடி இல்லாத அடிபம்பு

லண்டன் சோஹோவில், பிராட்விக் தெருவில் கைப்பிடி இல்லாத அடிபம்பு ஒன்று நிற்கிறது. வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில், பழுதான பம்பை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது டாக்டர் ஜான் ஸ்னோவின் நினைவுச்சின்னம் என்பது பிறகுதான் தெரிந்தது.

1813-ல் யார்க் நகரில், கூலித் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தவர் ஸ்னோ. மயக்க மருந்து கொடுப்பதில் பெயர் பெற்று, 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கே குளோரோஃபாம் கொடுத்தார். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், மலம் கலந்த தண்ணீரால்தான் வருகிறது என்று 1849-லேயே எழுதினார். பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1854 ஆகஸ்ட் கடைசியில் இந்தத் தெருவைக் காலரா தாக்கியது. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஸ்னோ வீடு வீடாக விசாரித்தார். மென்பொருளில் பிழை தேடிப் பிழைக்கும் என்னைக் கவர்ந்தது, அவர் விதிவிலக்குகளைத் துருவிய விதம். பம்புக்கு அருகிலிருந்த மதுபான ஆலையில் 70 பேருக்கு மேல் வேலை செய்தும் ஒருவர்கூடக் காலராவால் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். இந்த பம்பின் தண்ணீர் ருசிக்காகத் தினமும் தருவித்துக் குடித்தவர். ஸ்னோ வற்புறுத்தியதால் செப்டம்பர் 8 அன்று கைப்பிடி கழற்றப்பட்டது.

அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது. அப்படியானால் கைப்பிடியால் என்ன பயன்? விடை அடுத்த ஆண்டு கிடைத்தது. ஸ்னோவின் கருத்தைத் தவறென்று காட்டப் புறப்பட்ட ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாரே அதைக் கண்டுபிடித்தார். பம்பை அடுத்த வீட்டில் ஐந்து மாதக் குழந்தைக்குப் பேதி. தாய் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டின் மலக்குழியில் ஊற்றினாள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை, செங்கற்களும் சிதைந்திருந்தன. குழந்தை இறந்தது. கைப்பிடி கழற்றிய அதே நாளில் தந்தையும் காலராவில் படுத்தார். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போனது. ஆனால் அப்போது தண்ணீர் இறைக்க வழியில்லை.

1858-ல், 45 வயதில் ஸ்னோ காலமானார். அவர் கருத்துக்கு முழு அங்கீகாரம் பிறகே வந்தது.

என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது பேதி வந்தது. டயப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்து கை கழுவினேன். அந்தத் தாயும் தன் குழந்தையைச் சுத்தம்தான் செய்தாள். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அக்கறையில் இல்லை, அந்த மூன்றடியில்தான் இருக்கிறது. இன்றும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பேதியால் இறக்கிறார்கள், பெரும்பாலும் ஏழை நாடுகளில். கிருமியின் பெயர் மாறலாம். குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் பல ஊர்களில் இன்னும் மாறவில்லை.