ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். தாவரங்களைப் பற்றிய ஆய்வுகளுக்காகவே பலராலும் அறியப்படுகிறார். எனினும், மில்லிமீட்டர் அலைகள் பற்றிய இவரது முந்தைய ஆய்வுகள், பல ஆன்டெனாக்கள் கொண்ட கம்பியில்லாத் தொடர்பில் கணக்கீட்டுச் சுமையைக் குறைக்கும் ஒரு வழியைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

வாழ்க்கை

கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியரைவிடக் குறைந்த ஊதியம் தரப்பட்டதால் மூன்றாண்டுகள் ஊதியம் வாங்காமலேயே பாடம் நடத்தினார். பின்னர் முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது.

அலை ஆய்வுகள்

ஏர்ட்சு பயன்படுத்திய அலைகள் நீளமானவை. போஸ் அலைநீளத்தை 5 மில்லிமீட்டர் வரை (60 கிகாஹெர்ட்சு) குறைத்ததால், கருவிகள் ஒரு மேசைக்குள் அடங்கின. கொம்பு வடிவ ஆன்டெனா, மின்கடத்தாப் பொருளாலான வில்லை, முப்பட்டகம், முறுக்கிய சணல் ஆகியவற்றைக் கொண்டு, ஒளியை ஆராய்வதுபோல் இவ்வலைகளை ஆராய்ந்தார். இரயில் கால அட்டவணை நூலின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதையே அலைகளின் முனைவாக்கத்திற்குப் பயன்படுத்தினார் என்பது சுவையான செய்தி. 1897 சனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றை விளக்கினார். காப்புரிமையில் நாட்டமில்லாதவர், நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பித்த கலீனா படிக உணர்விக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

கணக்கீட்டுச் சுமை

ஆன்டெனாக்களை வழக்கமாக அரை அலைநீள இடைவெளியில் அமைப்பர். 60 கிகாஹெர்ட்சில் அது 2.5 மில்லிமீட்டர், ஆகவே 64 ஆன்டெனாக்கள் 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் அடங்கிவிடும். இடம் எளிதில் கிடைக்கிறது, கணக்கீடுதான் கடினம். கலந்து வரும் சமிக்ஞைகளைப் பிரிக்க நேர்மாறு அணி காண வேண்டும். அணியின் வரிசை இருமடங்கானால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

இங்குதான் வில்லை பயன்படுகிறது. ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் அலையை அது வெவ்வேறு புள்ளியில் குவிக்கிறது. மில்லிமீட்டர் அலைகள் பெரும்பாலும் சில பாதைகளிலேயே வந்து சேர்வதால், குவியப் பரப்பிலுள்ள ஆன்டெனாக்களுள் சிலவற்றில் மட்டுமே வலுவான சமிக்ஞை கிடைக்கும். அவற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் அணி சிறியதாகிவிடும். கணிப்பொறி செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியை வில்லையின் வடிவமே செய்துவிடுகிறது எனலாம். போஸ் இந்நோக்கத்துடன் வில்லையை அமைக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு அலைவாங்கி. அதைப் பாகை குறித்த வட்டத்தில் நகர்த்தித் திசைகளை அளந்தார்.

பிற்காலம்

1900ஆம் ஆண்டுக்குப் பின் போஸின் கவனம் தாவரங்களின்பால் திரும்பியது. மில்லிமீட்டர் அலைகள் பல பத்தாண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தன. 1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1937இல் கிரிடியில் காலமானார்.