நடிகவேளின் இரு வேடங்கள்

ஆள்மாறாட்டக் கதைகளில் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பது, பி. ஆர். பந்துலு இயக்கி 1962இல் வெளிவந்த ‘பலே பாண்டியா’. சிவாஜி கணேசனுக்கு அதில் மூன்று வேடம், எம். ஆர். ராதாவுக்கு இரண்டு. தன் அடியாளைப் போலவே இருக்கும் அப்பாவியை வைத்துக் காப்பீட்டுப் பணம் பறிக்கத் திட்டமிடும் கபாலியும் அவரே. மாப்பிள்ளையோடு பாட உட்காரும் செல்வந்தர் அமிர்தலிங்கமும் அவரே. அந்தப் பாட்டில் நான் சிவாஜியை விட்டுவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்! கட்டைக் குரலில் தொடங்கிய வசனம் கீச்சுக் குரலில் முடியும். அது அவருக்கே உரிய வித்தை.

1907இல் சென்னையில் பிறந்த ராதா, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மேடையில் புகழ்பெற்ற அவரது ‘இரத்தக் கண்ணீர்’ 1954இல் படமாயிற்று. பெரியார் வழியில் அவர் நடத்திய இராமாயண நாடகத்துக்கு அரசு தடை விதித்தது.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் அவர் சிறைத் தண்டனை பெற்றார். இதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது முறையன்று. ஆனால் அந்த ஒரு நாளோடு அவரை முடித்துவிடுவோர் நம்மிடையே பலர்; அதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரம்பலூரும் அரியலூரும் அடங்கியிருந்த அன்றைய மாவட்டத்தின் தலைநகரான திருச்சியில், 1979 செப்டம்பர் 17 அன்று ராதா காலமானார். பெரியார் பிறந்து சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது.